மேற்கத்திய மீடியா பொய் சொன்னா பெய்ஜிங் உண்மை பேசுதுன்னு ஆயிடுமா? சீனா விஷயத்துல இடதுசாரிகள் ஏன் இப்படி அடிச்சுக்கறாங்க

இடதுசாரின்னாலே சீனாவுக்கு ஜால்ரா போடுறவங்கன்னு நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஒரு எண்ணம் இருக்கு. டீக்கடையில செங்கொடி கட்டியிருந்தா போதும், "என்ன தோழர், உங்க ஆளு ஷி ஜின்பிங் எப்படி இருக்காரு"ன்னு ஒருத்தர் வம்புக்கு இழுப்பார். ஆனா கொஞ்சம் உள்ள போய் பாத்தா கதை வேற, சீனா பத்தி இடதுசாரிகளுக்குள்ளயே நடக்குற சண்டை அளவுக்கு கடுமையான சண்டை வலதுசாரிங்ககூட கூட நடக்கறதில்ல. ஒருத்தர் சீனாதான் இன்னைக்கு உலகத்துல இருக்குற ஒரே பெரிய சோசலிச நாடும்பார், பக்கத்துல இருக்கறவர் அதெல்லாம் 1978லயே முடிஞ்சு போச்சு இப்ப இருக்கறது பச்சை முதலாளித்துவம்பார், மூணாவது ஆள் மாவோ காலத்துல கூட அது சோசலிசம் கிடையாதும்பார். மூணு பேரும் மார்க்ஸ மேற்கோள் காட்டுவாங்க. புதுசா அரசியல் படிக்க வர்றவங்களுக்கு தலை சுத்தும், அவங்களுக்காகத்தான் இந்த கட்டுரை, தெரிஞ்சவங்க தாராளமா தாண்டிப் போகலாம்.

மொதல்ல ஒரு விஷயத்த பிரிச்சு வச்சுக்குங்க. இங்க ரெண்டு கேள்வி இருக்கு. மேற்கத்திய பத்திரிகைகளும் டிவிக்களும் சீனாவ நேர்மையா காட்டுதாங்கறது ஒண்ணு. சீன கம்யூனிஸ்ட் கட்சி இன்னைக்கும் உழைக்கிற மக்களோட கட்சியாங்கறது இன்னொண்ணு. மொத கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் வந்த உடனே ரெண்டாவதுக்கு "ஆமா"ன்னு எழுதிக்கறவங்க ஒரு பக்கம், ரெண்டாவதுக்கு "இல்ல"ன்னு வந்த உடனே சிஎன்என் சொல்றத அப்படியே நம்பறவங்க இன்னொரு பக்கம், பாதி சண்டை இதுலதான் நடக்குது. பக்கத்து வீட்டுக்காரன் திருடன்னு நிரூபிச்சுட்டா எதிர் வீட்டுக்காரன் உத்தமன்னு ஆயிடாது இல்லையா, அவ்வளவுதான் விஷயம், ஆனா நடைமுறையில இத ஞாபகம் வச்சிருக்கறது பெரும்பாடு.

கட்சி பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 1921ல ஷாங்காய்ல பத்து பதினஞ்சு பேரு ரகசியமா கூடி ஆரம்பிச்சது, 1949 அக்டோபர் 1 அன்னைக்கு ஆட்சிக்கு வந்தது, இன்னைக்கு கிட்டத்தட்ட 10 கோடி உறுப்பினர்கள். உச்சியில பொலிட்பீரோ நிலைக்குழுன்னு 7 பேர், அந்த ஏழு பேர்ல தலைமையா இருக்கறவர்தான் பொதுச்செயலாளர், 2012 நவம்பர்ல இருந்து அது ஷி ஜின்பிங். 2018ல ஜனாதிபதிக்கு ரெண்டு தடவதான்னு இருந்த வரம்ப அரசியல் சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க, கிட்டத்தட்ட 3000 பேர் ஓட்டுப் போட்டதுல எதிர்த்தவங்க 2 பேர். (அந்த ரெண்டு பேர நெனச்சா எனக்கு எப்பவும் ஒரு மரியாதை.)

எந்த இடத்துல பிரிஞ்சாங்க

மாவோ உயிரோட இருந்தப்பவே பிரிவு வந்துடுச்சு. 1956ல சோவியத் தலைவர் குருஷேவ் தனக்கு முன்னாடி ஆண்ட ஸ்டாலின போட்டு விளாசுனதுல ஆரம்பிச்சு சோவியத்துக்கும் சீனாவுக்கும் உரசல், 1960ல சோவியத் தன்னோட நிபுணர்கள எல்லாம் சீனாவுல இருந்து திருப்பி கூப்பிட்டுக்கிச்சு, 1969ல ரெண்டு கம்யூனிஸ்ட் நாடும் எல்லையில இருக்கற உசூரி ஆத்தங்கரையில துப்பாக்கியாலயே சுட்டுக்கிட்டாங்க. உலகம் பூரா கம்யூனிஸ்ட் கட்சிகள் மாஸ்கோ பக்கமா பீக்கிங் (பெய்ஜிங்கோட அந்தக் காலத்துப் பேரு) பக்கமான்னு உடைஞ்சுது. இந்தியாவுல சீனாவோட நடந்த 1962 போரும் சேர்ந்துக்கிச்சு, 1964ல கட்சி சிபிஐ, சிபிஎம்னு ரெண்டாச்சு. சிபிஎம்ம அப்ப எல்லாரும் சீனா கட்சின்னுதான் கூப்பிட்டாங்க.

ஆனா அந்த பேரு ரொம்ப நாள் நிக்கல, இந்த இடம் முக்கியம். 1967ல நக்சல்பாரியில விவசாயிங்க எழுந்தப்போ பீக்கிங்ல கட்சிப் பத்திரிகை அத வசந்தத்தின் இடிமுழக்கம்னு கொண்டாடி தலையங்கம் எழுதுச்சு, மேற்கு வங்க ஆட்சியில சிபிஎம் உட்கார்ந்திருந்த நேரம் அது. அடுத்த மாசமே, ஆகஸ்ட்ல, நம்ம மதுரையில சிபிஎம் மத்தியக்குழு கூடி சீனக் கட்சியோட எங்களுக்கு அடிப்படையிலயே கருத்து வேறுபாடு இருக்குன்னு தீர்மானம் போட்டுச்சு. "சீனாவின் தலைவரே எங்கள் தலைவர்"னு செவுத்துல எழுதுனது அதுக்கப்புறம் பிரிஞ்சு போன நக்சல்பாரி தோழர்கள், அவங்க 1969ல சிபிஐ எம்எல் ஆனாங்க. ஆக "சீனா ஏஜெண்ட்"னு இன்னைக்கு திட்டு வாங்கற கட்சி 1967லயே சீனாகிட்ட திட்டு வாங்குன கட்சி. இலங்கையில இதே பிளவு 1964ல வந்துச்சு, பீக்கிங் பக்கம் போன கட்சிய நடத்துனவர் ந. சண்முகதாசன், தமிழர், தொழிற்சங்கத் தலைவர். இலங்கையோட வடக்குல தீண்டாமைக்கு எதிரா நடந்த கோயில் நுழைவு, டீக்கடை நுழைவுப் போராட்டங்கள்ல இந்த பீக்கிங் பக்கத்து ஆட்களுக்கு பெரிய பங்கு உண்டு.

1976 செப்டம்பர்ல மாவோ செத்தார், ஒரே மாசத்துல அவரோட மனைவி சியாங் சிங் உட்பட, கலாச்சாரப் புரட்சிய முன்ன நின்னு நடத்துன நால்வர் குழுவ கைது பண்ணுனாங்க, 1978 டிசம்பர்ல டெங் சியாவோபிங் கையில கட்சி வந்துச்சு. கிராமத்துக் கூட்டுப் பண்ணைகளான கம்யூன்கள் கலைஞ்சுது, ஷென்ஜென்ல 1980ல சிறப்பு பொருளாதார மண்டலம், வெளிநாட்டு முதலீடு, ஃபேக்டரி. 1981ல கட்சியே உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதுச்சு, 1966ல மாவோ ஆரம்பிச்ச கலாச்சாரப் புரட்சி பெரிய தப்பு, ஆனா மாவோவோட பங்களிப்புதான் முதன்மை தவறு ரெண்டாம்பட்சம்னு. சண்முகதாசன் மாதிரி ஆட்கள் அன்னைக்கே இது சதி, திரிபுவாதம், மாவோவுக்கு துரோகம்னு சொல்லி பெய்ஜிங்க விட்டு விலகிட்டாங்க. இன்னைக்கு இந்தியாவுல மாவோ பேர கட்சிப் பேருலயே வச்சிருக்கற மாவோயிஸ்டுகள் சீனாவ சோசலிச நாடுன்னே ஒத்துக்கறதில்ல, சமூக ஏகாதிபத்தியம்பாங்க, அதாவது பேச்சுல சோசலிசம் செயல்ல ஏகாதிபத்தியம். டிவி விவாதத்துல நக்சலைட்டுக்கு பின்னாடி சீனான்னு கத்தற ஆங்கர்கள் இத ஒரு தடவையாவது படிச்சா தேவலை.

ஆதரிக்கறவங்க என்ன சொல்றாங்க

இவங்க வாதம் முட்டாள்தனமான வாதம் கிடையாது, நியாயமா கேட்டாகணும். இவங்க சொல்றது: 1949ல சீனா இந்தியாவ விட ஏழை நாடு, போரும் பஞ்சமும் தின்ன நாடு, அத அப்படியே ஒரே தாவுல சோசலிசத்துக்கு கொண்டு போக முடியாது, மொதல்ல உற்பத்தி சக்தி வளரணும், அதனாலதான் கட்சி 1987ல "சோசலிசத்தின் ஆரம்பக் கட்டம்"னு பேரு வச்சுது, முதலாளிகள வளர விட்டாலும் நிலம் தனியாருக்கு சொந்தமில்ல, பெரிய பேங்க், மின்சாரம், ரயில், எண்ணெய் எல்லாம் அரசு கையில, கடிவாளம் கட்சி கையில. ஆதாரமா என்ன காட்டுவாங்கன்னா, உலக வங்கி கணக்குப்படியே 40 வருஷத்துல கிட்டத்தட்ட 80 கோடி பேர் கடும் வறுமையில இருந்து வெளிய வந்திருக்காங்க, மனுஷ வரலாற்றுல இப்படி ஒண்ணு நடந்ததில்ல. அலிபாபாவ ஆரம்பிச்ச ஜாக் மா 2020ல தன்னோட நிதி நிறுவனமான ஆண்ட் குழுமத்த பங்குச்சந்தைக்கு கொண்டு போக இருந்தார், உலகத்துலயே பெரிய வெளியீடா இருந்திருக்கும், ரெண்டு நாளைக்கு முன்னாடி நிறுத்துனாங்க, அடுத்த வருஷம் அலிபாபாவுக்கு 1820 கோடி யுவான் அபராதம். எந்த நாட்டுல ஒரு கோடீஸ்வரன அரசு இப்படி உட்கார வைக்குதுன்னு கேப்பாங்க. கேள்வி நியாயமானதுதான்.

எதிர்ல நிக்கற இடதுசாரி என்ன சொல்வார்னா, கடிவாளம் கட்சி கையில இருக்கு சரி, கட்சி யாரு கையில இருக்கு? 1990கள் கடைசியில அரசு ஆலைகள சீர்திருத்தறோம்னு கோடிக்கணக்கான தொழிலாளிகள வீட்டுக்கு அனுப்புனாங்க, வேலை, வீடு, வைத்தியம் எல்லாம் ஆலையே பாத்துக்கும்னு இருந்த "இரும்புச் சோத்துக் கிண்ணம்" உடைஞ்சுது, அதுக்கு அடுத்து ஒரு சில வருஷத்துல முதலாளிகள் கட்சியில சேரலாம்னு கதவ திறந்துட்டாங்க. ஜாக் மாவே கட்சி உறுப்பினர்தான். வேலைநிறுத்த உரிமை 1975 அரசியல் சட்டத்துல இருந்துச்சு, 1982ல எடுத்துட்டாங்க, திரும்ப வரவே இல்ல. தொழிற்சங்கம்னா அரசோட ஒரே கூட்டமைப்புதான், அதுக்கு வெளிய சங்கம் வச்சா குத்தம். கிராமத்துல இருந்து நகரத்துக்கு வேலைக்கு வர்றவங்க 29 கோடிக்கு பக்கம், ஹூகோவ்ங்கற குடும்பப் பதிவு முறையால அவங்க புள்ளைங்களுக்கு அந்த நகரத்து ஸ்கூல்ல இடம் கிடைக்கறதே பெரிய பாடு. வறுமை ஒழிஞ்சதுன்னு சொல்றதுக்கு சில மாசம் முன்னாடி, 2020 மே மாசம், அப்போதைய பிரதமர் லி கெச்சியாங்கே பத்திரிகையாளர் கூட்டத்துல 60 கோடி பேரோட மாச வருமானம் 1000 யுவான் அளவுதான்னு சொன்னார். இத மேற்கத்திய மீடியா கண்டுபிடிக்கல, பிரதமர் மைக்ல சொன்னது.

ஒரே தாவுல தொழில் வளர்ச்சிக்குப் போகணும்னு மாவோ ஆரம்பிச்ச மாபெரும் பாய்ச்சல் காலத்துப் பஞ்சத்துலயும் இதே மாதிரி இழுபறி. 1959ல இருந்து 61 வரைக்கும் எத்தன பேர் செத்தாங்கங்கறதுல ஒன்றரை கோடியில இருந்து நாலரை கோடி வரைக்கும் கணக்கு சொல்றாங்க. உத்சா பட்நாயக் மாதிரி மார்க்சிய பொருளாதார நிபுணர்கள் பெரிய எண்கள் எல்லாம் பிறக்காத குழந்தைகளயும் சேர்த்து எண்ணுன கணக்குன்னு தாக்குவாங்க. ஆனா அரசு செய்தி நிறுவனத்துல வேலை பாத்த ஒரு கட்சி உறுப்பினரே, அவரோட அப்பாவும் அந்த பஞ்சத்துல செத்தவர், மாகாண ஆவணங்கள வருஷக்கணக்கா தோண்டி 3.6 கோடின்னு எழுதுனார். அமர்த்தியா சென் ரெண்டு பக்கமும் அடிப்பார்: பத்திரிகை சுதந்திரமும் எதிர்க்கட்சியும் இருந்திருந்தா அந்த பஞ்சம் அவ்வளவு தூரம் போயிருக்காதும்பார், கூடவே பஞ்சமே இல்லாத சாதாரண வருஷங்கள்ல இந்தியாவோட மரண விகிதம் சீனாவ விட அதிகம்னா அந்த சாவுகள எந்த கணக்குல எழுதுறதுன்னும் கேப்பார். வலதுசாரி மொத பாதிய மட்டும் எடுத்துப்பார், நம்ம ஆளு ரெண்டாவது பாதிய மட்டும் எடுத்துப்பார்.

மீடியா மேல ஏன் இவ்வளவு சந்தேகம்

இதுக்கு இடதுசாரிகள்கிட்ட ஒரு கோட்பாடே இருக்கு. 1988ல எட்வர்ட் ஹெர்மனும் நோம் சாம்ஸ்கியும் சொன்னது, "பிரச்சார மாதிரி" (propaganda model)ன்னு சொல்வாங்க. ஒரு செய்தி வெளிய வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வடிகட்டி தாண்டி வருது: பத்திரிகை யாருக்கு சொந்தம், விளம்பரம் யாரு குடுக்கறாங்க, தகவல் யாருகிட்ட இருந்து வருது, எதிர்ப்பு கிளப்பி மிரட்டற சக்தி யாருகிட்ட இருக்கு, கடைசியா கம்யூனிச எதிர்ப்பு. இதுல யாரும் யாருக்கும் போன் போட்டு பொய் எழுதுன்னு சொல்லத் தேவையில்லங்கறதுதான் இந்த கோட்பாட்டோட நுட்பம். வெள்ளை மாளிகை நிருபர் வெள்ளை மாளிகை அதிகாரிகிட்ட தினமும் தகவல் வாங்கணும், அவர பகைச்சுக்கிட்டா தொழில் நடக்காது, அது தானா நடக்கும்.

சும்மா கோட்பாடு மட்டும்னா விட்டுடலாம், அனுபவமும் இருக்கு. 1990ல குவைத்துல இராக் சிப்பாய்கள் ஆஸ்பத்திரி இன்குபேட்டர்ல இருந்து குழந்தைகள தூக்கி தரையில போட்டாங்கன்னு ஒரு பொண்ணு அமெரிக்க காங்கிரஸ் குழு முன்னாடி அழுதா, உலகமே அழுதுச்சு, போர் முடிஞ்ச பிறகுதான் அவ அமெரிக்காவுல இருந்த குவைத் தூதரோட மகள், ஒரு விளம்பர கம்பெனி தயார் பண்ணி கூட்டிட்டு வந்ததுன்னு வெளிய வந்துச்சு. 2002ல இராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல எழுதுனது, 2004 மே மாசம் எங்க செய்திகள்ல குறை இருந்துச்சுன்னு அவங்களே விளக்கம் போட்டாங்க, அதுக்குள்ள பாக்தாத் எரிஞ்சு முடிஞ்சுது. இத பாத்து வளர்ந்தவன் அடுத்த தடவ அதே பத்திரிகை சீனா பத்தி எழுதறப்போ ஒரு புருவத்த தூக்கத்தான் செய்வான்.

சீனா பத்தியே நேரடியான உதாரணம் வேணும்னா பிலிப்பைன்ஸ். கொரோனா காலத்துல, 2020ல ஆரம்பிச்சு 2021 நடு வரைக்கும், அமெரிக்க ராணுவம் போலி கணக்குகள் வச்சு சீனாவோட சினோவேக் தடுப்பூசியும் மாஸ்க்கும் ஆபத்துன்னு அந்த ஊர் மொழியில பரப்புச்சு. அந்த நாட்டுக்கு மொதல்ல வந்து சேர்ந்த தடுப்பூசி சினோவேக்தான், ஜனங்க செத்துக்கிட்டு இருந்த நேரம். சீனாவ அடிக்கணும்னு பிலிப்பைன்ஸ் ஏழைகள பணயம் வச்சாங்க. இத யாரு வெளிய கொண்டு வந்தாங்க? ராய்ட்டர்ஸ், 2024 ஜூன்ல. மேற்கத்திய மீடியா. பெய்ஜிங் பத்திரிகை கண்டுபிடிக்கல. "மேற்கத்திய மீடியா பூரா சிஐஏ"ன்னு ஒரே வார்த்தையில முடிக்கறவங்ககிட்ட இந்த ஒரு கேஸ வச்சு பேசிப் பாருங்க, அவங்களோட பெஸ்ட் ஆதாரத்த குடுத்ததே அவங்க நம்பக்கூடாதுன்னு சொல்ற பத்திரிகைதான்.

நமக்கு பக்கத்துல இருக்கற உதாரணம் இலங்கையோட தெற்குல இருக்கற அம்பாந்தோட்டை துறைமுகம். "கடன்பொறி ராஜதந்திரம்"ங்கற சொல்ல 2017 ஜனவரியில கிளப்புனது பிரம்மா செல்லானின்னு ஒரு இந்திய பாதுகாப்பு ஆய்வாளர், அப்புறம் அது வாஷிங்டன் போய் அமெரிக்க துணை ஜனாதிபதி பென்ஸ் வாயில 2018ல வந்துச்சு. கதை எல்லாருக்கும் தெரியும்: சீனா இலங்கைக்கு வேணும்னே கட்ட முடியாத கடன குடுத்துச்சு, கட்ட முடியல, துறைமுகத்த புடுங்கிக்கிச்சு. நடந்தது கொஞ்சம் வேற. துறைமுகம் கட்டலாமான்னு ஆய்வு பண்ணுனது சீனாவுக்கு முன்னாடி கனடா கம்பெனி ஒண்ணு, டென்மார்க் கம்பெனி ஒண்ணு, ஆசைப்பட்டது அப்போதைய ஜனாதிபதி ராஜபக்ச, சொந்த ஊர். மொத கட்டத்துக்கு சீன எக்ஸிம் பேங்க் 30.7 கோடி டாலர் 6.3 சதவீத வட்டிக்கு குடுத்துச்சு. 2017ல ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷ குத்தகைக்கு விட்டு 112 கோடி டாலர் வாங்குனாங்க, அந்த பணம் துறைமுகக் கடன தீர்க்கப் போகல, கடன் அப்படியே இலங்கை அரசு தலையில இருக்கு, பணம் டாலர் கையிருப்ப ஏத்தறதுக்கு போச்சு. ஏன் டாலர் தேவைப்பட்டுச்சுன்னா மேற்கத்திய நிதிச் சந்தையில வித்த இறையாண்மைப் பத்திரங்களுக்கு (அரசு வெளியிடற கடன் பத்திரம்) வட்டியும் முதலும் கட்டணும். 2022 ஏப்ரல்ல இலங்கை கைய விரிச்சப்போ வெளிநாட்டுக் கடன்ல பெரிய துண்டு அந்த பத்திரங்கள்தான், சீனாவோட பங்கு எப்படி கணக்கு போட்டாலும் அஞ்சுல ஒண்ணுக்கு மேல போகல. பெட்ரோல் கியூவுல மணிக்கணக்கா நின்ன யாழ்ப்பாணத்துக்காரர்கிட்டயும் கொழும்புக்காரர்கிட்டயும் "சீனாதான் காரணம்"னு மட்டும் சொன்ன செய்திகள் நியூயார்க், லண்டன் முதலீட்டு நிறுவனங்கள பத்தி எவ்வளவு எழுதுச்சுன்னு தேடிப் பாருங்க.

இதோட நிறுத்திட்டா சீனாவுக்கு நல்ல சர்டிபிகேட் குடுத்த மாதிரி ஆயிடும். 6.3 சதவீதம்ங்கறது சகோதர நாட்டுக்கு குடுக்கற வட்டி கிடையாது, வணிக வட்டி. கப்பல் வராத துறைமுகத்துக்கு கடன் குடுத்தப்போ சீன கம்பெனிகளுக்கு காண்ட்ராக்ட் கிடைச்சுது, ராஜபக்ச குடும்பத்துக்கு பேர் கிடைச்சுது. 2016 டிசம்பர்ல குத்தகைக்கு விட்டா எங்க வேலை என்ன ஆகும்னு அங்க இருந்த தொழிலாளிகள் வேலைநிறுத்தம் பண்ணப்போ இலங்கை கடற்படை இறங்கி கலைச்சுது. பொறின்னு சொல்றது தப்பு, தோழமைன்னு சொல்றதும் தப்பு, மூலதனம் மூலதனம் மாதிரி நடந்துக்கிச்சு. ஒரு மார்க்சிஸ்டுக்கு இதுல அதிர்ச்சி ஆகறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா ஏனோ நிறைய பேர் அதிர்ச்சி ஆகறாங்க.

மேற்கத்திய செய்தி எப்படி நம்ம ஊர் போலீஸ் கையில ஆயுதமாகும்ங்கறதுக்கு நியூஸ்கிளிக். 2023 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ், அமெரிக்க தொழிலதிபர் ஒருத்தர் உலகம் பூரா சீன ஆதரவுப் பிரச்சாரத்துக்கு பணம் குடுக்கறார்னு ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு, அதுல டெல்லியில இருக்கற இந்த இடதுசாரி தளத்தோட பேரும் ஒரு ஓரமா இருந்துச்சு. ரெண்டே மாசத்துல, அக்டோபர் 3, டெல்லி போலீஸ் பத்திரிகையாளர்கள் வீடு வீடா புகுந்து லேப்டாப்பயும் போனயும் அள்ளிட்டுப் போச்சு, ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தாவ ஊபா சட்டத்துல உள்ள தள்ளுனாங்க, சீனாகிட்ட காசு வாங்கலன்னு அவங்க மறுத்தாங்க. 2024 மே 15 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் அவர கைது பண்ணுன முறையே செல்லாதுன்னு வெளிய விட்டுச்சு. அதுக்குள்ள ஏழு மாசம் போச்சு.

ஆனா ஜேசிக் கேஸ என்ன பண்றது

இவ்வளவும் சரி. இப்ப ஷென்ஜெனுக்கு வாங்க, 2018 ஜூலை. ஜேசிக்னு வெல்டிங் மிஷின் செய்யற கம்பெனி. எடுத்ததுக்கெல்லாம் அபராதம், ஓவர்டைம், லீவு நாள்ல கட்டாயமா நடைபயணம்னு தொழிலாளிகள் நொந்து போய் சட்டப்படி சங்கம் வைக்கலாம்னு போறாங்க. எந்த சங்கம்? அரசோட கூட்டமைப்புல சேர்ற சங்கம்தான், புரட்சி ஒண்ணும் இல்ல. மொதல்ல தலையாட்டுன உள்ளூர் சங்க ஆபீசு அப்புறம் இது சட்டவிரோதம்னு திருப்பிடுச்சு, முன்ன நின்னவங்கள வேலைய விட்டு தூக்குனாங்க, கேட்டப்போ போலீஸ் கிட்டத்தட்ட 30 பேர புடிச்சுது. அப்பதான் விஷயம் பெருசாச்சு, பீக்கிங் யுனிவர்சிட்டி மாதிரி பெரிய பெரிய யுனிவர்சிட்டிகள்ல மார்க்சிஸ்ட் வாசகர் வட்டம் நடத்துன பசங்க பஸ் ஏறி வந்தாங்க, கூடவே பென்ஷன் வாங்கற வயசான மாவோவாதிகள். "ஒற்றுமையே பலம்"னு எழுதுன டிஷர்ட் போட்டுக்கிட்டு, மாவோ படத்த கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. ஆகஸ்ட் 24 காலையில கலவரத் தடுப்பு போலீஸ் அவங்க தங்கியிருந்த வீட்ட ஒடைச்சு அம்பது பேர் அளவுக்கு அள்ளுச்சு. அதே வருஷம் டிசம்பர் 26, மாவோவோட 125வது பிறந்தநாள், பீக்கிங் யுனிவர்சிட்டி மார்க்சிஸ்ட் சங்கத்தோட தலைவரா இருந்த மாணவன் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு கிளம்பி போனவன வழியிலயே கார்ல ஏத்திட்டுப் போனாங்க.

கம்யூனிஸ்ட் கட்சி ஆளற நாட்டுல மார்க்ஸ படிச்சதுக்காக இல்ல, படிச்சத தொழிலாளிகிட்ட கொண்டு போனதுக்காக. சாம்ஸ்கி அதே வருஷம் சீன அரசு நடத்தற மார்க்சிய மாநாடுகளுக்கு போகாதீங்கன்னு மத்த அறிஞர்களுக்கு சொன்னார். மீடியா வடிகட்டி பத்தி எழுதுன அதே சாம்ஸ்கிதான். "இதெல்லாம் சிஐஏ வேலை"ங்கற பதில் மாவோ படம் புடிச்ச பசங்க விஷயத்துல எடுபடவே இல்ல, அதனால சீன ஆதரவு இடதுசாரிகள் பெரும்பாலும் இந்த கேஸ பேசாமலே தாண்டிப் போயிடுவாங்க.

இதுக்கு இடதுசாரிகளுக்குள்ள ஒரு பேரு உண்டு, முகாம்வாதம். உலகத்த ரெண்டு முகாமா பிரிச்சுக்கிட்டு, அமெரிக்காவுக்கு எதிர்ல நிக்கறவன் எவனா இருந்தாலும் நம்ம ஆளுன்னு எடுத்துக்கறது. எதிர்ப்பக்கத்துலயும் இதோட கண்ணாடி பிம்பம் ஒண்ணு இருக்கு, சீனாவ கண்டிக்கற ஆர்வத்துல அமெரிக்க வெளியுறவுத் துறை அறிக்கைய அப்படியே மொழிபெயர்த்துப் போடற இடதுசாரிகள், அவங்களுக்கு இன்னும் ஒரு நல்ல பட்டப்பேர் கிடைக்கல.

1989 ஜூன்ல பெய்ஜிங்ல ராணுவம் போராட்டத்த ஒடுக்குன தியானன்மென் சதுக்கத்த எடுத்துக்குங்க. "சதுக்கத்துல ஆயிரக்கணக்கான மாணவர்கள் செத்தாங்க"ன்னு வருஷா வருஷம் மேற்கத்திய மீடியாவுல வரும், பெய்ஜிங்ல வேலை பாத்த அமெரிக்க நிருபர் ஒருத்தரே 1998ல எழுதுனார், சதுக்கத்துக்குள்ள கடைசியா இருந்த மாணவர்கள் பேசி வெளிய போனாங்க, பெரிய சாவு நடந்தது அங்க இல்லன்னு. முகாம்வாதி இத புடிச்சுக்கிட்டு "பாத்தீங்களா படுகொலையே பொய்"ம்பார். ஆனா அந்த நிருபர் சொன்னதோட மீதி என்னன்னா செத்தவங்க நிறைய பேர் சதுக்கத்துக்கு வர்ற ரோடுகள்ல, முசிதி பக்கத்துல, டாங்க்க மறிச்சு நின்ன சாதாரண தொழிலாளிகளும் ஊர் ஜனங்களும். பெய்ஜிங் தொழிலாளர் சுயேச்சைக் கூட்டமைப்புன்னு ஒரு சங்கம் அந்த போராட்டத்துல இருந்துச்சு, ரயில்வே எலக்ட்ரீஷியன் ஹான் டாங்ஃபாங் முன்ன நின்னார், மாணவர்கள் தொழிலாளர் இயக்கத்தோட சர்வதேச கீதம் பாடுனாங்க. "ஜனநாயகம் கேட்ட மாணவர்கள்"னு மட்டும் காட்டுன மேற்கத்திய மீடியாவும் தொழிலாளிய மறைச்சுது, "கலகக்காரர்கள்"னு சொன்ன பெய்ஜிங்கும் தொழிலாளிய மறைச்சுது.

உய்குர் முஸ்லிம் மக்கள் வாழற வடமேற்குப் பகுதியான ஷின்ஜியாங் இன்னும் கஷ்டமான இடம். 2009ல உரும்சியில கலவரம், அரசு கணக்குப்படி 197 சாவு, 2014ல குன்மிங் ரயில்வே ஸ்டேஷன்ல கத்திக்குத்து, 31 சாவு, இத மேற்கத்திய மீடியா குறைச்சு சொல்லுதுங்கறது ஆதரவாளர்கள் வாதம். 2021 ஜனவரியில பதவிய விட்டுப் போற கடைசி நாள்ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ இனப்படுகொலைன்னு அறிவிச்சதுல அரசியல் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, காசா விஷயத்துல அதே வாஷிங்டன் எப்படி பேசுதுன்னும் பாத்தாச்சு. ஆனா உய்குர் மக்கள அடைச்சு வச்ச முகாம்கள் பத்தி சீன அரசோட சொந்த நடத்தைய பாருங்க, மொதல்ல அப்படி எதுவுமே இல்லன்னாங்க, 2018 அக்டோபர்ல அது தொழிற்பயிற்சி மையம்னு சட்டமே திருத்துனாங்க, 2019 டிசம்பர்ல எல்லாரும் படிச்சு முடிச்சுட்டாங்கன்னாங்க. 2022 ஆகஸ்ட் 31 அன்னைக்கு ஐநா மனித உரிமை அலுவலகம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களா இருக்கலாம்னு அறிக்கை விட்டுச்சு, அத விவாதிக்கலாமான்னு மனித உரிமை கவுன்சில்ல ஓட்டுக்கு விட்டப்போ 17க்கு 19ன்னு தோத்துச்சு, இந்தியா நழுவிடுச்சு. இனப்படுகொலைங்கற வார்த்தை பொருந்துமாங்கறது தனி விவாதம், அத வச்சு லட்சக்கணக்கான உய்குர் மக்கள வழக்கு விசாரணை இல்லாம அடைச்சதயே இல்லன்னு சொல்றது வேற.

புதுசா படிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், ஒரு செய்திய யாரு எழுதுனாங்கன்னு பாக்கறதோட நிறுத்தாம அதுல சொல்ற சங்கதி யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு பாருங்க, அனாமதேய அதிகாரியா, ஆவணமா, சம்பந்தப்பட்ட ஆளா, சீன அரசோட சொந்த புள்ளிவிவரமா. இந்தியாவுலயும் 2023ல ரெண்டு நாடும் மாத்தி மாத்தி நிருபர்களோட விசாவ புதுப்பிக்காம விட்டதால அப்ப நம்ம பேப்பர்ல வந்த சீனச் செய்தி நிறைய வெளிநாட்டு ஏஜென்சி குடுத்தது இல்லன்னா பெய்ஜிங் அரசு ஏஜென்சி குடுத்ததுதான்.

சோர்ஸ் பாக்கறதுலயும் சிக்கல் வரும், அதுக்கு மேல சொன்ன ஹான் டாங்ஃபாங்கே உதாரணம். ஜெயில்ல காசநோய் வந்து ஒரு பக்க நுரையீரல இழந்து, 1994ல ஹாங்காங்ல சைனா லேபர் புல்லட்டின்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். சீனாவுல எங்கெங்க வேலைநிறுத்தம் நடக்குதுன்னு மேப் போட்டு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அமெரிக்க அரசுப் பணத்துல நடக்கற ஜனநாயக நிதியத்துகிட்ட இருந்து அவங்களுக்கு காசு வந்திருக்கு, அதனால முகாம்வாதி அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். ஆனா அந்த மேப்ல இருந்ததெல்லாம் சீனத் தொழிலாளிகளே போன்ல எடுத்து சீன ஆப்கள்ல போட்ட வீடியோக்கள், கட்டுமானத்துல கூலி பாக்கி, ஃபேக்டரிய பூட்டிட்டு ஓடுன முதலாளி, இந்த மாதிரி. சீனா சோசலிசம்னு சொல்ற ஆராய்ச்சியாளரும் முதலாளித்துவம்னு சொல்ற ஆராய்ச்சியாளரும் அதே கணக்கத்தான் எடுத்து வாதாடுனாங்க. 2025 ஜூன்ல பண நெருக்கடின்னு சொல்லி அத மூடிட்டாங்க, வெப்சைட்டும் போச்சு. அரசு தொழிற்சங்கக் கூட்டமைப்பு வேலைநிறுத்தக் கணக்கு எதுவும் வெளியிடறதில்ல.